முன்பின் பார்க்காத பாக்டீரியாவைச் செல் எப்படிக் கண்டுகொள்கிறது?

தடுப்பூசியும் போடவில்லை, அந்த நோய் முன்பு வந்ததும் இல்லை, பிறகு செல்லுக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். அது எந்தப் பாக்டீரியா என்று செல்லுக்குத் தெரியவே தெரியாது. பாக்டீரியாவால் விட்டுவிட முடியாத, நம் உடம்பில் அறவே இல்லாத சில பொருட்கள் இருக்கின்றன, அவற்றில் ஒன்று தட்டுப்பட்டாலே போதும். நோயெதிர்ப்பு ஆய்வாளர் சார்லஸ் ஜேன்வே இதை 1989-இல் ஊகமாகத்தான் சொன்னார். 1996-இல் ஹாஃப்மன் குழு பழ ஈயில் 'டோல்' மரபணுவை வைத்தும், 1998-இல் பாய்ட்லர் குழு சுண்டெலியில் அந்த டோலைப் போன்ற டிஎல்ஆர்4 ஏற்பியை (அந்நியப் பொருளைப் பிடிக்கும் செல்லின் புரதம்) வைத்தும் உறுதிப்படுத்தினார்கள்; இருவருக்கும் 2011-இல் நோபல்.

டிஎல்ஆர்4 பிடிப்பது எல்பிஎஸ் என்கிற, பல பாக்டீரியாக்களின் வெளிச்சவ்வில் இருக்கும் கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த பொருளை. டிஎல்ஆர்5 அவை நீந்தப் பயன்படுத்தும் வால் போன்ற கசையிழையின் புரதத்தைப் பிடிக்கும். செல்லுக்குள்ளேயே புகுந்துவிட்டால் உள்ளே இருக்கும் நாட்1, நாட்2 என்கிற ஏற்பிகள் பாக்டீரியாவின் செல்சுவர்த் துணுக்குகளைப் பிடிக்கும். எது பிடித்தாலும் என்எஃப்-கப்பாபி என்கிற புரதம் உட்கருவுக்குள் போய் மரபணுக்களை இயக்கிவிடும், டிஎன்எஃப், ஐஎல்-6 போன்ற அழற்சியைத் தூண்டும் புரதங்கள் எல்லாம் வெளியே கொட்டும், அப்புறம் காய்ச்சல்தான். பாக்டீரியா உயிரோடு இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. கொதிக்கவைத்துக் கொன்றாலும் எல்பிஎஸ் அழியாது, அதனால்தான் ஊசிமருந்தில் கிருமி இல்லை என்று பார்த்த பிறகும் இதைத் தனியாகச் சோதிக்கிறார்கள்.

சரி, இதையும் ஏமாற்ற முடியுமா? முடியும். கேரளத்தில் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மழை பிடித்தால் வயலில் இறங்குபவர்களுக்கும் வாய்க்கால் தூர்வாரும் நூறு நாள் வேலைக்காரர்களுக்கும் டாக்ஸிசைக்ளின் என்கிற கிருமிக்கொல்லி மாத்திரை கொடுப்பார்கள், எலிப்பனி, அதாவது எலிக்காய்ச்சல், வராமல் இருக்க. அதை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா பாக்டீரியாவின் கசையிழை வெளியே நீட்டிக்கொண்டிருக்காது, இரண்டு சவ்வுகளுக்கு நடுவில் சுருண்டு கிடக்கும், டிஎல்ஆர்5-க்கு எளிதில் எட்டாது. அதன் எல்பிஎஸ்ஸும் வழக்கமான அமைப்பில் இல்லை. மனிதனின் டிஎல்ஆர்4 அதைக் கண்டுகொள்வதில்லை, சுண்டெலியின் டிஎல்ஆர்4 கண்டுகொள்கிறது! ஆய்வுக்கூடத்தில் சாதாரணச் சுண்டெலி இந்தக் கிருமியைச் சமாளித்துவிடும், டிஎல்ஆர்4 கெட்டுப்போன சுண்டெலிக்குத்தான் நோய் முற்றுகிறது. எனக்கு இந்த விஷயத்தில் பிடித்த இடமே இதுதான், ஒரே ஏற்பி இரண்டு உயிரினங்களில் இப்படி மாறி நடந்துகொள்கிறது.

நம்மிடம் அதைப் பிடிப்பது பெரும்பாலும் டிஎல்ஆர்2, அந்தக் கிருமியின் சவ்வில் இருக்கும் கொழுப்புப் புரதங்களை வைத்து. மற்றபடி அந்தக் கிருமிக்கென்றே உடம்பு தயாரிக்கும் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) உருவாகும் வரை, அதாவது கிட்டத்தட்ட ஒரு வாரம், அது ரத்தத்தில் சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.