சிவப்புப் பெருக்கல் குறியை நம்பி நடக்காதே, தம்பி

தம்பி, ஸ்டாக்ஹோம் வந்து ஆறு மாதம் ஆகிறது, ஆகஸ்ட் கடைசியில் மூன்று பேராக, ஸ்வீடனின் வடக்கே இருக்கும் குங்ஸ்லேடன் என்ற மலைநடைப் பாதையில் அபிஸ்கோவிலிருந்து நிக்கலுவோக்தா வரை நடக்கப் போகிறோம் என்று எழுதியிருக்கிறாய். எந்த டென்ட் வாங்கலாம், 4 நாள் போதுமா, வடதுருவ ஒளி தெரியுமா என்பது உன் கேள்வி. டென்டை வாடகைக்கு எடுத்துக்கொள். ஒளி, இருட்டி மேகம் விலகினால் தெரியும். 4 நாள் போதாது. மொத்தம் சுமார் 105 கிலோமீட்டர். 7 நாள் வைத்துக்கொள், மழைக்கென்று ஒரு நாள் கூடுதலாக.

நீ கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். அங்கே ஆளை வீழ்த்துவது குளிர் அல்ல, ஈரம். ஆகஸ்டிலும் 5 டிகிரியில் காற்றோடு மழை அடிக்கும். பருத்தி ஜீன்ஸும் டி-சர்ட்டும் நனைந்தால் நாள் முழுக்கக் காயாது. உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கை நடுங்கி, ஜிப்பைப் போட முடியாமல், பேச்சுக் குழறினால் அது ஆபத்தின் ஆரம்பம். உடனே காற்றுக்கு மறைவாகப் போய், ஈரத்தைக் கழற்றி, உலர்ந்ததைப் போட்டு, இனிப்பாக எதையாவது சாப்பிட வேண்டும். அதனால் கம்பளி உள்ளாடை ஒரு செட், கம்பளி சாக்ஸ் ஒரு ஜோடி, பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, தூங்குவதற்கு மட்டும் என்று வைத்துக்கொள். பகலில் அதைத் தொடாதே. காலையில் ஈர சாக்ஸையே மாட்டிக்கொண்டு நடக்க மனசு வராது. இருந்தாலும் அதைத்தான் மாட்ட வேண்டும். நான் வந்த புதிதில் இதைச் சொல்ல ஆளில்லை. பத்து வருஷமாக இங்கே இருக்கும் நம்மவர்களைக் கேட்டால் "அதெல்லாம் வெள்ளைக்காரனுக்கு" என்பார்கள். எனக்கு இன்றும் வருத்தம் தரும் பேச்சு அது. நடக்க யாருக்கும் தனி உடம்பு வேண்டாம்.

அடுத்தது வழி. கம்பங்களின் உச்சியில் சிவப்புப் பெருக்கல் குறி வரிசையாகத் தெரியும். அது பனிச்சறுக்குக்காரர்களின் குளிர்காலப் பாதை. உறைந்த ஏரியின் மேலும் சதுப்பின் மேலும் நேராகப் போகும். கோடையில் அதைப் பிடித்தால் முழங்கால் சேற்றில் நிற்பாய். உன் வழி, தரையில் மிதிபட்ட தடமும் சிவப்புச் சாயம் பூசிய கற்களும்தான். இரண்டும் சில இடங்களில் ஒன்றாகப் போய்ப் பிறகு பிரியும். மூடுபனியில் ஏமாறுவது அங்கேதான்.

ரயிலில் அபிஸ்கோ ஓஸ்ட்ராவில் இறங்காதே. அது ஊர் நிறுத்தம், பாதை தொடங்குவது சுற்றுலா நிலைய நிறுத்தத்தில். முதல் நாள் அபிஸ்கோயவுரே என்ற தங்கும் குடில்வரை 15 கி.மீ., அடுத்து அலெஸ்யவுரே குடில்வரை 20க்குக் கொஞ்சம் மேல். அபிஸ்கோ தேசியப் பூங்காவுக்குள் குறித்த இடங்களில்தான் டென்ட் அடிக்கலாம். அலெஸ்யவுரேயிலிருந்து 13 கி.மீ.யில் ஷேக்யா குடில். அதைத் தாண்டினால் கணவாய், சுமார் 1,150 மீட்டர், பாதையிலேயே உயரமான இடம். தெற்குப் பக்கம் செங்குத்தான கல் இறக்கம். மேலே ஒரு சின்னப் புகலிடக் குடில் உண்டு. இளைப்பாறலாம், ஆபத்து நேர்ந்தாலொழிய இரவு தங்கக்கூடாது. அபிஸ்கோயவுரே, அலெஸ்யவுரே, செல்கா குடில்களில் மளிகை கிடைக்கும். ஷேக்யாவிலும் சிங்கியிலும் கடை இல்லை.

அரிசி மூட்டை தூக்காதே. வேக நேரமாகும், எரிபொருள் தீரும். ரவையை வீட்டிலேயே வறுத்து, கடுகு, உளுத்தம்பருப்பு, மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கலந்து கொண்டுபோ. கறிவேப்பிலை நொறுங்கும்வரை வறுபட வேண்டும், ஈரம் நின்றால் கெட்டுவிடும். ஒரு கப்புக்கு இரண்டரைக் கப் கொதிநீர், மூடி ஐந்து நிமிடம். உலர் உணவு ஆளுக்கு ஒரு நாளைக்கு 600 கிராம். அடுப்புக்கு எரிசாராயம் ஒரு டெசிலிட்டர் (100 மி.லி.), கடையில் 'ரோட்ஸ்பிரிட்' என்று கேள். கேஸ் டப்பாவை விமானத்தில் விடமாட்டார்கள். ஓடும் ஓடைத் தண்ணீரை அப்படியே குடிக்கலாம்.

பாலம் இல்லாத ஓடையைக் கடக்கும்போது வெறுங்காலோடு இறங்காதே, பையின் இடுப்புப் பட்டையை அவிழ்த்துவிடு. விழுந்தால் பையை உதறிவிட்டு எழலாம். கலைமான் கூட்டம் வந்தால் அப்படியே உட்கார்ந்துவிடு. அவை 'சாமி' என்ற அந்தப் பகுதிப் பூர்வகுடி மக்களின் சொத்து, விரட்டாதே.

வழியில் பெரும்பாலும் செல்போன் சிக்னல் இருக்காது. எந்த நாள் எந்தக் குடில் என்று எழுதி ஸ்டாக்ஹோமில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போ. எந்த நேரத்துக்குள் உன் போன் வராவிட்டால் 112 என்ற அவசர எண்ணை அழைப்பது என்பதையும் அதிலேயே எழுது.

குடிலில் தண்ணீர் மொள்வதும் விறகு பிளப்பதும் தங்குபவர்கள் வேலை. கிளம்புமுன் விறகுப் பெட்டியை நிரப்பி வை. நனைந்துபோய்க் கதவைத் திறக்கிறவர் முதலில் அந்தப் பெட்டியைத்தான் பார்ப்பார்.