ஓசூருக்கு எதற்கு எச்?

அய்யா, வணக்கம்.

பாலக்கோடு பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் பதினாறு வருடமாக ஆங்கிலம் நடத்துகிறேன். போன வாரம் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், கடன் என்று பொருள்படும் 'டெட்' என்ற சொல்லில் பி எதற்கு என்று கேட்டான். "அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணு" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் மனசு கேட்கவில்லை.

என்னிடம் இரண்டு நோட்டுகள் இருக்கின்றன. ஒன்றில் ஆங்கிலச் சொற்களை ஒலிப்படி எழுதி வைத்திருக்கிறேன். நானூறு சொல் ஆகிவிட்டது. கர்னல், இனஃப், காஃப் எல்லாம் நேர் செய்தாயிற்று. ஓசூருக்கும் அரூருக்கும் ஒகேனக்கல்லுக்கும் ஆங்கிலத்தில் முன்னால் நிற்கும் எச்சையும் எடுத்துவிட்டேன். இன்னொரு நோட்டில் ஆங்கிலத்துக்கு நான் செய்த புதுச் சொற்கள். 'எத்தனையாவது' என்பதற்கு ஹவ்மெனித். 'எச்சில்' என்பதற்கு எச்சிலேதான். ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக நம் 'அவர்' போல ஒன்று.

1978-இல் நாம் நம் எழுத்தையே சீர்திருத்திக் காட்டினோம். ஆங்கிலத்துக்கு ஏன் அது நடக்கவில்லை? இந்த நோட்டுகளை யாருக்கு அனுப்பலாம்?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள ஆசிரியருக்கு,

முதலில் அந்தப் பையனுக்குப் பதில் சொல்லிவிடுவோம். பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தபோது அந்தச் சொல்லில் பி கிடையாது. லத்தீன் படித்த பண்டிதர்கள், மூலச்சொல் 'டெபிட்டம்' ஆயிற்றே என்று பின்னால் கொண்டுவந்து செருகினார்கள். எழுதினார்களே தவிர யாரும் உச்சரிக்கவில்லை. கடன் என்ற சொல்லே ஒரு எழுத்தைக் கடன் வாங்கி நிற்கிறது என்று சொல்லுங்கள், பையன் ஆயுசுக்கும் மறக்கமாட்டான். தீவு என்ற பொருளுள்ள 'ஐலண்ட்' இன்னும் மோசம். அதில் இருக்கும் எஸ் தவறுதலாக வந்தது. அது பழைய ஆங்கிலச் சொல். லத்தீன் 'இன்சுலா'வுக்குச் சொந்தம் என்று நினைத்து எஸ்ஸைப் போட்டுவிட்டார்கள்.

ஆக, ஊமை எழுத்துகளில் உண்மையான வாரிசும் உண்டு, பொய் வாரிசும் உண்டு. நம் ஊர்களின் எச் எந்த வகை?

ஓசூர் கன்னடத்தில் ஹொசூர், புது ஊர். பழைய கன்னடத்தில் புதியது என்பதற்கு 'பொச' என்பார்கள். கன்னடத்தில் சொல்லின் முதலில் இருந்த ப காலப்போக்கில் ஹ ஆயிற்று. புகையும் அப்படித்தான்: 'பொகெ' இருந்து 'ஹொகெ' ஆனது. புகையும் கல் ஹொகேனக்கல். அதைத் தமிழ் வாய் வாங்கும்போது ஹ-வை விட்டுவிட்டு ஒகேனக்கல் என்றது. ஆங்கிலத்தில் மட்டும் எச் தங்கிவிட்டது. பேருந்து போர்டில் அந்த எச்சைப் பார்க்கும்போது எனக்கு 'புகை'யின் ப-தான் தெரிகிறது. நீங்கள் நோட்டில் ஒரு கோடு போட்டு அடித்தது அதைத்தான். இரு மொழி பேசும் எல்லையில் இருப்பவர்கள் நாம், அந்த எச் இருந்துவிட்டுப் போகட்டுமே.

இப்போது நானூறு சொற்களுக்கு வருகிறேன். உங்களுக்கு முன்னால் பெரிய பெரிய ஆட்கள் முயன்று பார்த்த வேலை இது. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1768-இல் ஆறு புது எழுத்துகளோடு ஓர் அகரவரிசையே தயாரித்தார். 1906-இல் அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட், 300 சொற்களை எளிய எழுத்துக்கூட்டலில்தான் அச்சிட வேண்டும் என்று அரசு அச்சகத்துக்கு உத்தரவே போட்டார். பணம் கொடுத்து ஆதரித்தவர் ஆண்ட்ரூ கார்னகி. ஜனாதிபதியும் கோடீஸ்வரரும் சேர்ந்தும் அந்த வருடம் முடிவதற்குள் உத்தரவைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. பத்திரிகைகள் கேலி செய்தன, நாடாளுமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. சிகாகோ ட்ரிப்யூன் நாளிதழ் 1934-இல் தன் பக்கங்களில் சுருக்கக் கூட்டலைக் கொண்டுவந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டு, 1975-இல் ஒரேயடியாக விட்டது.

ஓரளவு ஜெயித்தவர் நோவா வெப்ஸ்டர் ஒருவர்தான். கலர், ஹானர் போன்ற சொற்களில் யூ-வை எடுத்தது அமெரிக்காவில் நின்றுவிட்டது. 1828-இல் வந்த அவருடைய அகராதியை எல்லாரும் சொல்வார்கள். எனக்கென்னவோ 1783-இல் அவர் போட்ட பள்ளிக்கூட எழுத்துக்கூட்டல் புத்தகம்தான் முக்கியம் என்று படுகிறது. பழசைக் கற்காத குழந்தைகளை அதன் பிந்திய பதிப்புகள் முதலில் பிடித்தன. அவரும் நாக்குக்கும் பெண்களுக்கும் உள்ள ஆங்கிலச் சொற்களை ஒலிப்படி மாற்றிப் பார்த்தார். ஒருவரும் சீந்தவில்லை.

இனி உங்கள் 1978 வாதம். பெரியார் 1935-இல் குடி அரசு இதழில் தொடங்கியதைத் தமிழக அரசு 1978-இல் ஏற்றது. ணா, றா, னா, லை, ளை என்று 13 எழுத்துகள். தும்பிக்கை வைத்த லை போடத் தெரிந்த கடைசித் தலைமுறையில் நானும் ஒருவன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அப்போது மாறியது எழுத்தின் உருவம். எந்தச் சொல்லின் எழுத்துக்கூட்டலும் மாறவில்லை. பழைய மலைக்கும் புதிய மலைக்கும் ம, லை என்ற அதே இரண்டு எழுத்துதான். ஐ-யை அய் என்றும் ஔ-வை அவ் என்றும் எழுதலாம் என்ற பெரியாரின் யோசனை கூட்டலைத் தொடுவது, அதை அரசு எடுத்துக்கொள்ளவில்லை. இன்றைக்கும் ஐயா, அய்யா இரண்டும் நடமாடுகின்றன. நீங்களே எனக்கு 'அய்யா' என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். தவிர, தமிழ்ப் பாடநூலுக்கு இங்கே ஓர் அரசு இருந்தது, உத்தரவு போட்டது. ஆங்கிலத்துக்கு யார் உத்தரவு போடுவது? லண்டனா, வாஷிங்டனா, பாலக்கோடா?

பாலக்கோடு என்று விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒலிப்படி எழுது என்றால் யாருடைய ஒலி? உங்கள் வகுப்பில் ஸ்கூலை 'இஸ்கூல்' என்கிற பிள்ளைகள் இருப்பார்கள். ஸ்காட்லாந்துக்காரர் அழுத்திச் சொல்லும் ஆர், லண்டன்காரர் வாயில் காணாமல் போகிறது. தமிழ் மட்டும் ஒலிப்படி எழுதப்படுகிறதா? 'வந்துகொண்டிருக்கிறார்கள்' என்று எழுதுகிறோம். இந்தப் பக்கம் வாய் சொல்வது 'வந்துகினு இருக்காங்க'. தர்மபுரி, தருமபுரி என்று நம் ஊரையே இரண்டு விதமாக எழுதுகிறோம், இரண்டிலும் த-வை யாரும் 'தண்ணீர்' த-வாகச் சொல்வதில்லை.

ஒலிப்படி ஆங்கிலம் எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு நம்மிடம் ஒரு சோதனைச்சாலையே இருக்கிறது: நம் பெயர்கள். அதற்கு எந்த அகராதியும் கிடையாது, எழுதுகிறவர் காதில் விழுந்ததுதான் கூட்டல். என் அப்பா பெயரில் நடுவில் ஒரு ஊகாரம் உண்டு. என் பள்ளிச் சான்றிதழில் அதற்கு இரண்டு ஓ. ரேஷன் கார்டில் ஒற்றை யூ. நிலப் பத்திரத்தில் எப்படியோ ஒரு டபிள்யூவும் புகுந்திருக்கிறது. அவர் இறந்த பிறகு ஒரு வங்கியில் இந்த மூவரும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க நோட்டரி, அஃபிடவிட் என்று நான்கு மாதம் அலைந்தேன். எழுதிய மூவரும் உங்கள் கொள்கைப்படி சரியாகத்தான் எழுதியிருந்தார்கள்.

2020 ஜூனில் அரசே இதைச் செய்து பார்த்தது நினைவிருக்கும். 1018 ஊர்ப்பெயர்களைத் தமிழ் உச்சரிப்புப்படி ஆங்கிலத்தில் எழுத உத்தரவு வந்தது. நோக்கம் நல்லதுதான். கோயம்புத்தூருக்கு டி-எச் இரண்டு முறை வந்தது. வேலூரின் வே-வுக்கு இரண்டு ஈ போட்டார்கள், ஆங்கிலம் படித்தவர்கள் அதை வீலூர் என்று வாசித்தார்கள். சில நாட்களிலேயே உத்தரவு வாபஸ் ஆனது.

ஆனால் ஒலிப்படி ஆங்கிலம் எழுதும் ஒரு முறை நம் ஊரில் ஓகோவென்று நடந்தது, அதை நான் சொல்லியாக வேண்டும். எண்பதுகளில் தர்மபுரியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்து ஷார்ட்ஹேண்டும் படித்தேன். ஐசக் பிட்மன் 1837-இல் வெளியிட்ட முறை. மாஸ்டர் முதல் நாளே சொன்னது: "ஸ்பெல்லிங்கை வாசலில் கழட்டி வச்சிட்டு வா." காஃப் என்ற சொல்லுக்கு கே கோடு ஒன்று, எஃப் வளைவு ஒன்று, நடுவில் ஒரு சின்னக் குறி, அவ்வளவுதான். ஜி-எச் எல்லாம் காணாமல் போய்விடும். எனக்குப் பிடித்த விஷயம் வேறு. பிட்மன் முறையில் 'பேப்பர்' ப-வுக்கும் 'பஸ்' ப-வுக்கும் ஒரே கோடுதான், மெல்லிசாக இழுத்தால் ஒன்று, அழுத்தி இழுத்தால் இன்னொன்று. கே-யும் ஜி-யும் அப்படியே. பக்கத்தில் இருந்த பையன்கள் திணறினார்கள். ப ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டு ஒலியையும் சமாளிக்கும் தமிழில் பிறந்தவனுக்கு இதில் என்ன கஷ்டம் என்று எனக்குத் தோன்றியது. (ஹைஸ்பீடு தேர்வில் ஃபெயில் ஆனது தனிக்கதை.)

இந்த பிட்மன் ஆங்கில எழுத்தையே மாற்றப் பாடுபட்டவர். அது நடக்கவில்லை. அவருடைய பேரன் ஜேம்ஸ் பிட்மன் 1960-களில் குழந்தைகளுக்கென்று 44 எழுத்துள்ள ஒரு முறையைக் கொண்டுவந்தார். இங்கிலாந்தில் பல பள்ளிகள் நடத்தின. பிள்ளைகள் சீக்கிரம் வாசிக்கப் பழகினார்கள், அப்புறம் சாதாரண எழுத்துக்கு மாறும்போது நிறையப் பேர் தடுமாறினார்கள். அதுவும் வழக்கொழிந்தது. குடும்பத்தின் சொத்தில் கடல் தாண்டி தர்மபுரி வரை வந்தது சுருக்கெழுத்து மட்டும்தான். அதைப் படித்தால் வேலை கிடைத்தது.

உங்கள் இரண்டாவது நோட்டுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான சொல்லை சார்லஸ் கான்வர்ஸ் என்ற அமெரிக்க வழக்கறிஞர் 1884-இல் முன்வைத்தார். தமிழில் எழுதினால் கிட்டத்தட்ட நம் 'தான்' போலவே இருக்கும். 1934 வெப்ஸ்டர் அகராதிக்குள்ளேயே போய்விட்டது அது. 1961 பதிப்பில் தூக்கிவிட்டார்கள். யாரும் பேசவில்லை, அதனால். பன்மைக்குரிய 'தே'யை ஒருமைக்கும் சொல்வது பல நூறு வருடப் பழக்கம், அதுவே அந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. மரியாதைக்குப் பன்மையைக் கூப்பிடும் நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

எச்சிலை அப்படியே விடுங்கள், மொழிபெயர்க்காதீர்கள். சலைவா என்பது வாயில் ஊறும் நீர். எச்சில் அது இல்லை, ஒரு தம்ளருக்கோ தட்டுக்கோ நேர்ந்துவிடும் நிலை. ஆங்கிலத்தில் கதை எழுதும் நம் பிள்ளைகள் அந்த இடத்தில் எச்சில் என்றே எழுதட்டும், அடைப்புக்குறி, சாய்வெழுத்து, விளக்கம் எதுவும் வேண்டாம். கட்டுமரமும் மிளகுத்தண்ணியும் சுருட்டும் யார் விண்ணப்பத்தின் மேல் ஆங்கிலத்துக்குப் போயின? கிருஷ்ணகிரியில் சீசன் வந்தால் லாரி லாரியாகப் போகிறதே, அந்த மாங்காய் போர்ச்சுக்கீசியர் வாயில் 'மாங்கா' ஆகித்தான் ஆங்கிலத்தில் மேங்கோ ஆயிற்று. சரக்கோடு சேர்ந்து போனது சொல்.

எங்கே அனுப்புவது என்று கேட்டீர்கள். ஆக்ஸ்போர்டு அகராதிக்கு அனுப்பலாம், தடையில்லை. ஆனால் அவர்கள் பார்ப்பது, இந்தச் சொல்லைப் பலர் பல வருடமாக எழுதியிருக்கிறார்களா என்பதை. நம் 'ஐயோ' 2016-இல் அங்கே ஏறியது. அதற்குமுன் எத்தனை தலைமுறை ஐயோ என்று சொல்லியிருக்க வேண்டும்! கூட்டத்தை முன்கூட்டியே வைப்பதற்கு நம் அலுவலகங்கள் சொல்லும் 'ப்ரீபோன்' ஏறியதும் அப்படித்தான்.

அதனால் நோட்டை அனுப்ப வேண்டிய முதல் விலாசம் உங்கள் ஒன்பதாம் வகுப்பு. நானூறு கூட்டல்களை மட்டும் பரீட்சை முடியும்வரை கண்ணில் காட்டாதீர்கள், மார்க் போய்விடும்.

ஹவ்மெனித்தை நான் இங்கே வீட்டில் விட்டுப் பார்த்தேன். ஆறாவது படிக்கும் பேத்தியிடம், நேரு இந்தியாவின் எத்தனையாவது பிரதமர் என்பதை ஆங்கிலத்தில் கேட்க முடியாமல் எங்கள் காலத்தில் திண்டாடிய கதையைச் சொல்லி, இந்தச் சொல்லையும் சொன்னேன். நன்றாகச் சிரித்தாள். இரண்டு நாள் கழித்து இன்ஸ்டிடியூட் கதையை ஆரம்பித்தேன். "தாத்தா, இது ஹவ்மெனித் டைம்?" என்றாள்.