யார் சரிபார்ப்பது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். செயற்கை நுண்ணறிவு குறித்த உலக மாநாடுகளைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததை வாசித்தேன். அதில் இருந்த நம்பிக்கை எனக்கு வரவில்லை என்பதைச் சொல்லவே இந்தக் கடிதம்.

2023 நவம்பரில் இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க்கில் 28 நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் ஒரே அறிக்கைக்கு ஒப்புதல் அளித்தன. பதினைந்தே மாதங்களில், 2025 பிப்ரவரியில், பாரிஸ் மாநாட்டின் அறிக்கையில் அமெரிக்காவும் பிரிட்டனும் கையெழுத்திடவில்லை. தொழில்நுட்பம் மாதக் கணக்கில் ஓடுகிறது, உடன்படிக்கைகள் பத்தாண்டுக் கணக்கில் நகர்கின்றன. போதாததற்கு, இன்றைய தொழில்நுட்பங்கள் அரசுகளின் கையில் இல்லை, நிறுவனங்களின் கையில் இருக்கின்றன. ஐநா போன்ற அமைப்புகளோ அரசுகளுக்கு மட்டுமே நாற்காலி போட்டுவைத்திருக்கின்றன. உலக நாடுகளின் ஒத்துழைப்பு என்பது இனி ஒரு சடங்கு மட்டும்தானா? எதையும் உருவாக்காத, பயன்படுத்த மட்டுமே செய்கிற சிறிய நாடுகளுக்கு இதில் என்னதான் வேலை?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம. அவர்களுக்கு,

உங்கள் சலிப்பு எனக்குப் புரிகிறது. பாரிஸ் செய்தியைப் படித்த அன்று எனக்கும் அதே சலிப்பு இருந்தது. ஆனால் வேகம்தான் சிக்கலின் வேர் என்ற உங்கள் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. தொழில்நுட்பம் அரசுகளைவிட வேகமாக ஓடாத காலம் என்று ஒன்று இருந்ததே இல்லை.

1850களின் தொடக்கத்தில் பாரிஸிலிருந்து ஜெர்மானிய நாடுகளுக்குப் போகும் தந்தி ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் வந்து நின்றுவிடும். பிரான்சும், அந்த ஜெர்மானிய நாடுகளில் ஒன்றான பாடனும் அங்கே ஒரு கூட்டுத் தந்தி நிலையம் வைத்திருந்தன. பிரெஞ்சு ஊழியர் வந்த செய்தியை ஒரு படிவத்தில் எழுதி, மேசைக்கு மறுபுறம் அமர்ந்திருந்த பாடன் ஊழியரிடம் நீட்டுவார். அவர் அதை ஜெர்மனில் மொழிபெயர்த்துத் தம் நாட்டுக் கம்பியில் மறுபடி தட்டி அனுப்புவார். மின்சாரம் நொடியில் கடந்த தூரத்துக்கு நடுவே ஒரு மேசை கிடந்தது. அந்த மேசையை அகற்றத்தான் 1865 மே மாதம் 20 நாடுகள் பாரிஸில் கூடிப் பன்னாட்டுத் தந்தி ஒன்றியத்தை நிறுவின. இன்று வானொலி அலைவரிசைகளையும் செயற்கைக்கோள்களின் இடங்களையும் ஒருங்கிணைக்கும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் அதன் தொடர்ச்சிதான்.

அந்த ஒத்துழைப்பு ஏன் நின்று நிலைத்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். அதில் ஏமாற்றுவதால் யாருக்கும் லாபமில்லை. பொது விதியை மீறினால் உங்கள் தந்தி போய்ச் சேராது, அவ்வளவுதான். கண்காணிப்பவர் என்று ஒருவர் தேவைப்படவில்லை. ஏமாற்றுவதில் லாபம் இருக்கும் இடங்களில்தான் சங்கடம் தொடங்குகிறது. அங்கெல்லாம் ஓர் உடன்படிக்கை எவ்வளவு தூரம் செல்லும் என்பதைப் பேச்சுவார்த்தையாளரின் சாமர்த்தியத்தைவிட, மற்றவர் செய்வதைச் சரிபார்க்கக் கூடிய கருவிதான் தீர்மானித்துவந்திருக்கிறது. நான் சொல்ல விரும்புவது இது ஒன்றைத்தான். புதிய தொழில்நுட்பங்கள் சிலவற்றைப் புதிதாகக் கண்ணுக்குத் தெரியவைக்கின்றன, வேறு சிலவற்றைக் கண்ணிலிருந்து மறைத்துவிடுகின்றன. உலக ஒத்துழைப்பின் வடிவம் இந்த இரண்டுக்கும் ஏற்பத்தான் மாறுகிறது.

1963ஆம் ஆண்டின் அணுச் சோதனைத் தடை உடன்படிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். அது வளிமண்டலத்திலும் விண்வெளியிலும் நீருக்கு அடியிலும் சோதனைகளைத் தடுத்தது. நிலத்துக்கு அடியில் நடப்பதை விட்டுவிட்டது. தரைக்குள் எழும் அதிர்வு நிலநடுக்கமா, குண்டா என்று தொலைவிலிருந்து உறுதியாகப் பிரித்தறிய அன்றைய கருவிகளால் இயலவில்லை என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். நேரில் வந்து சோதிக்க ஆண்டுக்கு எத்தனை முறை அனுமதிப்பது என்பதில் வாஷிங்டனும் மாஸ்கோவும் உடன்படவில்லை. அந்தக் குறையைப் போக்க நிலநடுக்கவியலில் பெரும் பணம் கொட்டப்பட்டது. அப்படி அமைந்த உலகளாவிய நிலநடுக்கமானி வலையமைப்பின் தரவுகள்தான் பின்னர் நிலத்தட்டுகள் நகர்கின்றன என்ற கோட்பாட்டுக்கு வலுவான சான்றாயின. ஆயுதக் கட்டுப்பாடு அறிவியலுக்குத் தந்த மிகப் பெரிய கொடைகளில் ஒன்று இது என்று நான் நினைக்கிறேன். 1996இல் உருவான முழுமையான தடை உடன்படிக்கை இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. ஆனாலும் அதற்கெனத் திட்டமிடப்பட்ட 337 கண்காணிப்பு நிலையங்களிலும் ஆய்வகங்களிலும் பெரும்பாலானவை இயங்கிக்கொண்டிருக்கின்றன. 2006 முதல் 2017 வரை வடகொரியா நடத்திய ஆறு சோதனைகளையும் அவை பதிவு செய்தன. சட்டம் பிறக்காதபோதும் அதன் கண் திறந்திருக்கிறது.

இதைவிட எனக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு ஓசோன் படலம் பற்றியது. 1987ஆம் ஆண்டின் மான்ட்ரியல் நெறிமுறைப்படி ஓசோனை அரிக்கும் சிஎஃப்சி-11 என்ற வாயுவின் உற்பத்தி 2010க்குள் உலகெங்கும் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். காகிதத்தில் அது நின்றும் விட்டது. ஆனால் ஊர்களுக்கு வெகு தொலைவில் உள்ள நிலையங்களில் குடுவைகளில் காற்றைப் பிடித்து அளந்துகொண்டிருந்த ஆய்வாளர்கள், அந்த வாயு குறையும் வேகம் 2012க்குப் பிறகு மந்தமாகியிருப்பதைக் கண்டு 2018இல் வெளியிட்டார்கள். எங்கோ யாரோ புதிதாக உற்பத்தி செய்கிறார்கள் என்பதைத் தவிர வேறு விளக்கம் பொருந்தவில்லை. தென்கொரியாவின் ஜேஜு தீவில் கோசான் என்ற இடத்திலும் ஜப்பானின் தெற்கே ஹதெருமா தீவிலும் அளவீட்டு நிலையங்கள் இருந்தன. கண்டத்திலிருந்து காற்று வீசும் நாட்களில் அங்கே அளவு எகிறியது. அதைக் காற்றோட்டக் கணிப்புகளோடு பொருத்திப் பார்த்து, கூடுதல் வெளியேற்றத்தில் ஏறத்தாழ 40 முதல் 60 விழுக்காடு கிழக்குச் சீனத்தின், குறிப்பாக ஷான்டோங், ஹெபெய் மாகாணங்களின் பகுதியிலிருந்து வருகிறது என்று 2019இல் காட்டினார்கள். சீன அரசு நடவடிக்கை எடுத்தது. வெளியேற்றம் மளமளவென்று சரிந்துவிட்டதை 2021இல் வெளியான ஆய்வுகள் உறுதிப்படுத்தின. இதில் யாரும் உடன்படிக்கையை விட்டு வெளியேறவில்லை, போர் மிரட்டல் எழவில்லை. காற்றை ஒளித்துவைக்க முடியாது என்பதும், அதை அளக்க இரண்டு தீவுகளில் ஆட்கள் இருந்தார்கள் என்பதுமே போதுமானதாக இருந்தது.

அந்த 40 முதல் 60 விழுக்காடு போக மீதி எங்கிருந்து வந்தது? உறுதியாகச் சொல்ல இயலவில்லை. உலகின் பெரும்பகுதியில் அப்படிப்பட்ட நிலையங்களே கிடையாது. இந்த இடத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் கடைசிக் கேள்விக்கு வரும்போது தேவைப்படும்.

இனி மறைந்துபோகும் பக்கத்துக்கு வருவோம். யுரேனியத்துக்கு எடை உண்டு. அதைச் செறிவூட்டப் பெரிய ஆலை வேண்டும். 1957இல் தொடங்கிய பன்னாட்டு அணுசக்தி முகமையின் ஆய்வாளர்கள் எடைபோடலாம், முத்திரையிடலாம், கேமரா பொருத்தலாம். பயிற்சி முடிந்த ஒரு செயற்கை நுண்ணறிவு மாதிரியோ வெறும் எண்களாலான கோப்பு. அதை நகலெடுத்தால் மூலத்தில் எதுவும் குறைவதில்லை, எல்லையைக் கடந்தால் எந்தக் கருவியும் ஒலிப்பதில்லை. கண்ணுக்குத் தெரிவது அதை உருவாக்கத் தேவைப்படும் கணினிச் சில்லுகளும் (சிப்) மின்சாரமும்தான். அதனால்தான் ஒட்டுமொத்த அரசியலும் சில்லுகளின் மேல் வந்து குவிந்திருக்கிறது. மிக நுண்ணிய சில்லுகளை அச்சிடும் அதி புற ஊதாக் கதிர் (இயுவி) இயந்திரங்களை உலகில் நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் என்ற ஒரே நிறுவனம்தான் செய்கிறது. 2022 அக்டோபரில் அமெரிக்கா உயர்திறன் சில்லுகளைச் சீனத்துக்கு ஏற்றுமதி செய்யக் கட்டுப்பாடு விதித்தது. பலர் இதையே உலக ஆளுகை என்று எழுதுகிறார்கள். அது தவறு என்பது என் கருத்து. ஒரு நாடு தன் சட்டத்தால் இன்னொரு நாட்டுக்குக் கதவடைப்பதில் பொது விதி எதுவும் இல்லை, சரிபார்க்கப்படச் சம்மதிப்பவரும் இல்லை.

ஆகவே பாரிஸில் இரண்டு கையெழுத்துகள் விடுபட்டது என்னை அவ்வளவாக வருத்தவில்லை. பிளெட்ச்லி அறிக்கையில் எல்லோரும் சேர்ந்திருந்தபோதும் சொன்னதைச் செய்தார்களா என்று பார்க்க அதில் யாருக்கும் பொறுப்பு தரப்படவில்லை என்பதே என் வருத்தம். மாறாக, 2025 ஆகஸ்டில் ஐநா பொதுச்சபை செயற்கை நுண்ணறிவுக்கென 40 பேர் கொண்ட ஒரு சுதந்திரமான அறிவியல் குழுவை அமைக்க முடிவெடுத்ததை, இன்னொரு குழுதானே என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அணுச் சோதனைத் தடைக்காக 1958இல் ஜெனீவாவில் இரு தரப்பு விஞ்ஞானிகளும் முதலில் உட்கார்ந்து பேசியது எதைக் கண்டறிய முடியும், எதைக் கண்டறிய முடியாது என்பதைப் பற்றித்தான். உடன்படிக்கை அதற்கு ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னர் வந்தது.

தன்னியக்க ஆயுதங்களின் கதையும் இதுதான். ஜெனீவாவில் 2014 முதல் பேசுகிறார்கள். எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு என்ற விதி அங்கே தடையாக இருக்கிறது. 2024 டிசம்பரில் பொதுச்சபையில் இது குறித்த தீர்மானத்துக்கு 166 நாடுகள் ஆதரவளித்தன. ஆனாலும் ஒரே ட்ரோன் மனிதர் இயக்குவதா, தானே இலக்கைத் தேர்வதா என்பது உள்ளிருக்கும் மென்பொருளைப் பொறுத்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

எனக்கு மிகவும் வலிப்பது உயிரியலில் நடந்திருக்கும் மாற்றம். 2007இல் இந்தோனேசியா தன் நாட்டில் பரவிய பறவைக் காய்ச்சல் வைரஸ் மாதிரிகளை உலக சுகாதார அமைப்பின் வலையமைப்புக்குத் தர மறுத்தது. எங்கள் நோயாளிகளிடமிருந்து எடுத்த வைரஸை வைத்துச் செல்வந்த நாட்டு நிறுவனம் தடுப்பூசி செய்யும், அதை வாங்க எங்களுக்கு வசதியிருக்காது என்பது அவர்களின் நியாயம். அந்த மறுப்பு வேலை செய்தது. 2011இல், காய்ச்சல் வைரஸ்களைப் பெறும் நிறுவனங்கள் தடுப்பூசியிலோ பணத்திலோ பங்கு தர வேண்டும் என்ற ஏற்பாடு உருவானது. ஒரு வளரும் நாட்டின் கையிலிருந்த சின்னஞ்சிறு குப்பிக்கு அவ்வளவு வலிமை இருந்தது. 2020 ஜனவரியில் கொரோனா வைரஸின் மரபணு வரிசை இணையத்தில் வெளியானது. அடுத்த சில நாட்களுக்குள், ஜனவரி 13 அன்றே, மாடர்னா தன் தடுப்பூசிக்கான வரிசையை முடிவு செய்துவிட்டது. குப்பி எதுவும் விமானம் ஏறத் தேவைப்படவில்லை. அந்த வேகம் எண்ணற்ற உயிர்களைக் காத்தது, அதை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன். ஆனால் குப்பியோடு, அதைக் கையில் வைத்திருக்கும் நாட்டின் பேரம் பேசும் வலிமையும் கரைந்துவிட்டது. 2025 மே மாதம் உலக சுகாதார அமைப்பு பெருந்தொற்று உடன்படிக்கையை ஏற்றபோது, நோய்க்கிருமியையும் அதன் வரிசைத் தரவையும் பகிர்வது, பலனைப் பிரிப்பது என்ற பகுதியை மட்டும் பின்னிணைப்பாகப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்க நேர்ந்தது. அந்த ஒரு பகுதியில்தான் ஏழை நாடுகளின் மொத்த வழக்கும் இருக்கிறது.

நிறுவனங்கள் சட்டத்துக்கு அப்பால் போய்விட்டன என்ற உங்கள் கருத்தில் ஒரு திருத்தம். 1967ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கையின் ஆறாம் உறுப்பு, தனியார் செய்வதற்கும் அந்தந்த நாட்டு அரசே பொறுப்பு என்று தெளிவாகச் சொல்கிறது. அரசின் செயற்கைக்கோளுக்கு இந்தப் பொறுப்பு நடைமுறையிலும் செல்லுபடியானது. 1978இல் சோவியத்தின் காஸ்மோஸ் 954 கனடாவில் விழுந்து கதிரியக்கத் துண்டுகளைச் சிதறியபோது, மூன்று ஆண்டுகளுக்குப் பின் சோவியத் ஒன்றியம் 30 லட்சம் கனடா டாலர் கொடுத்தது. ஆகவே சட்டம் இருக்கிறது. அன்றாடப் போக்குவரத்துக்கான விதிதான் இல்லை. 2019 செப்டம்பரில் ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஏயோலஸ் செயற்கைக்கோள், ஸ்பேஸ்எக்ஸின் ஒரு ஸ்டார்லிங்க் செயற்கைக்கோளோடு மோதாமலிருக்கத் தன் பாதையை உயர்த்திக்கொண்டது. யார் விலகுவது என்று இரு தரப்பும் மின்னஞ்சலில்தான் பேசிக்கொண்டன. மோதும் வாய்ப்பு அதிகரித்ததைச் சொன்ன பிந்தைய தகவல், பணியில் இருப்பவரை அழைக்கும் அமைப்பில் இருந்த பிழையால் தங்கள் கண்ணில் படவில்லை என்று அந்நிறுவனம் பின்னர் விளக்கியது. ஸ்ட்ராஸ்பூர்க் மேசையில் எதிரெதிரே இரண்டு பேராவது இருந்தார்கள்.

சிறிய நாடுகளுக்கு என்ன வேலை என்று கேட்டீர்கள். அளப்பதுதான் வேலை என்பேன். அணுச் சோதனைக் கண்காணிப்பு வலையமைப்பின் தரவுகள் கையெழுத்திட்ட எல்லா நாடுகளுக்கும் திறந்திருக்கின்றன. அணு வல்லரசுக்கும் ஒரு குட்டித் தீவு நாட்டுக்கும் அதில் வேறுபாடு இல்லை. ஆனால் அந்தத் தரவைப் படித்துத் தன் முடிவுக்குத் தானே வர, அந்தத் தீவில் நாலு பேர் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். மேசையில் நாற்காலி கிடைத்த பின்பு இன்னொருவர் தந்த அறிக்கையை வைத்துப் பேசுபவருக்கும், தன் சொந்த அளவீட்டோடு வந்து பேசுபவருக்கும் கிடைக்கும் மரியாதை ஒன்றல்ல. ஹதெருமா ஒரு மிகச் சிறிய தீவு. ஒரு பெரிய அரசு பதில் சொல்ல நேர்ந்ததில் அங்கிருந்த நிலையத்துக்கும் பங்கு உண்டு.

செயற்கை நுண்ணறிவுக்கு அப்படியொரு பொதுத் தரவு இன்னும் கிடையாது. மாதிரிகளைப் பற்றி நமக்குத் தெரிவதில் பெரும்பகுதி அவற்றைச் செய்தவர்களே சொன்னவை. ஐநாவின் 40 பேர் குழு அறிக்கை தரும்போது, அதன் முன்னுரையையும் பரிந்துரைகளையும் தள்ளிவைத்துவிட்டு நான் முதலில் தேடப்போவது எந்த மாதிரியை, யாருடைய கணினியில், யார் சோதித்தார்கள் என்று சொல்லும் பக்கத்தைத்தான். அந்தப் பக்கத்தைப் பற்றி உங்களுக்கு மறுபடியும் எழுதுகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்