பாஸ்டலில் வரையும் முகம் ஏன் சேறாகிறது?

வெள்ளவத்தை வாசகி ஒருவரின் கேள்வி இது. டச்சு ஓவியர் வெர்மீரின் 'முத்துத் தோடு அணிந்த பெண்' படத்தைப் பார்த்து சொஃப்ட் பாஸ்டலில், அதாவது சோக்குக் கட்டி போலத் தூள் உதிரும் வண்ணக் குச்சியில், வரைந்து பழகுகிறார், எத்தனை தடவை வரைந்தாலும் கன்னம் சாம்பல் பூத்துப் போகிறதாம். விலை கூடின பெட்டி வாங்கினால் சரிவருமா என்கிறார்.

வராது, காசை வைத்துக்கொள்ளுங்கள். மாற்ற வேண்டியது படத்தை. அது 1665 அளவில் எண்ணெய் வண்ணத்தில் தீட்டியது. காய்ந்த அடுக்கின் மேல் இன்னொரு மெல்லிய அடுக்கை ஏற்ற எண்ணெய் இடம் கொடுக்கும், அந்த வழுவழுப்பு அப்படி வந்ததுதான். நீங்கள் அதைப் பிடிக்க விரலால் தேய்ப்பீர்கள், தேய்க்கத் தேய்க்கக் கடுதாசியின் சொரசொரப்பு அடைபட்டு, சிவப்பும் பச்சையும் ஒன்றுக்குள் ஒன்று போய்ச் சேறாகிவிடும்.

பாஸ்டலிலேயே வரையப்பட்ட ஒரு முகத்தை எடுங்கள். என் தெரிவு பிரெஞ்சு ஓவியர் ஷார்டன், 1771இல் மூக்குக்கண்ணாடியோடு தன்னையே வரைந்த படம், பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எழுபது வயதைத் தாண்டிய மனிதர், அதுவரை எண்ணெயிலேயே வேலை செய்தவர், பார்வை மங்கிய காலத்தில் பாஸ்டலைக் கையில் எடுத்தார். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், கீற்றுகள் தனித்தனியாகத் தெரியும். நிறங்களைத் தேய்த்து ஒன்றாக்காமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார், கலக்கிற வேலையைப் பார்க்கிறவரின் கண்ணுக்கு விட்டுவிட்டு. நீங்கள் பழக வேண்டியது இதைத்தான். சுவிஸ் ஓவியர் லியோட்டாரின் 'சாக்லேட் பெண்'ணும் பாஸ்டல்தான், ஆனால் அத்தனை வழுவழுப்பு, இப்போதைக்கு வேண்டாம்.

சரி, எப்படித் தொடங்குவது? படத்தைக் கறுப்பு வெள்ளையில், உங்கள் கடுதாசியின் அளவுக்கே ஒரு போட்டோ கொப்பி எடுங்கள். முதல் படத்துக்கு நிறமே வேண்டாம். நடுத்தரமான பழுப்பு அல்லது சாம்பல் நிறக் கடுதாசி, ஒரு கறுப்பு, ஒரு கடும் பழுப்பு, ஒரு வெள்ளை போதும். கண்ணைச் சுருக்கிப் பார்த்து இருட்டையும் வெளிச்சத்தையும் மட்டும் வையுங்கள், நடுத்தொனியைக் கடுதாசியே தந்துவிடும். இது சரியாக இருந்தால் பிறகு கன்னத்தில் பச்சையே பூசினாலும் முகம் முகமாக நிற்கும், மிகையாகச் சொல்லவில்லை. நிறத்துக்குப் போகும்போது இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வாருங்கள், விரலைத் தூர வைத்துக்கொண்டு.

கடுதாசி வழுவழுப்பாக இருந்தால் எதுவும் ஒட்டாது. பயிற்சிக்கு ஹார்ட்வெயார் கடையில் விற்கும் நைசான மண்தாள் நன்றாகவே பிடிக்கும், நாள்பட நிறம் மாறும் என்பதால் வைத்திருக்க வேண்டிய படத்துக்கு உதவாது. பள்ளிப் பிள்ளைகளுக்கு விற்கும் பெட்டி பெரும்பாலும் எண்ணெயும் மெழுகும் சேர்ந்த ஒயில் பாஸ்டல், அதையும் சொஃப்ட் பாஸ்டலையும் ஒரே படத்தில் கலக்காதீர்கள். தூளை வாயால் ஊதவும் வேண்டாம், பலகையைச் சரித்துத் தட்டுங்கள்.

வெர்மீரிடம் அப்புறம் திரும்பிப் போகலாம். அந்தப் பெண்ணின் மூக்குத்தண்டுக்கும் அப்பால் உள்ள கன்னத்துக்கும் நடுவில் கோடே கிடையாது, இரண்டும் ஒரே வெளிச்சம், நாம்தான் இல்லாத கோட்டைப் போட்டுக் கெடுப்போம்.

வரைந்ததை அப்படியே சுவரில் மாட்டாதீர்கள், கொழும்பு ஈரக்காற்றில் பூஞ்சணம் பிடிக்கும். கண்ணாடிச் சட்டம் போடுங்கள், கண்ணாடி படத்தைத் தொடாதபடி நடுவில் மட்டை வைக்கச் சொல்லுங்கள், குளியலறைச் சுவரின் மறுபக்கத்தில் மட்டும் ஆணி அடிக்க வேண்டாம்.