பணக்கார நாடுகள் வளரும் நாடுகளுக்குத் தரும் வர்த்தகச் சலுகை என்றால் என்ன?

வளரும் நாட்டுச் சரக்குக்கு இறக்குமதி வரியைக் குறைப்பது அல்லது நீக்குவது. பணக்கார நாட்டவருக்கு மலிவாகப் பொருள் கிடைக்கும், வளரும் நாட்டவருக்கு வேலை பெருகும்.

திருப்பூருக்கு இது வயிற்றுப்பாடு. 2001 முதல் ஐரோப்பிய ஒன்றியம் வங்கதேசச் சட்டைக்கு வரி வாங்குவதில்லை. நம்முடையதற்குப் பல ஆண்டுகள் 9 சதவீதத்துக்கு மேல் வாங்கியது. டி-சர்ட்டுக்குச் சில ரூபாய் லாபத்தில் ஓடும் யூனிட்டுக்கு அந்த வித்தியாசமே ஆர்டரைப் பறித்துவிடும்.

நம்ம உழவர் சந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டை வைத்திருக்கும் விவசாயிக்குக் கடை வாடகை இல்லை. ஆனால் தக்காளி அவர் காட்டில் விளைந்திருக்க வேண்டும், மொத்த மார்க்கெட்டில் வாங்கி வந்ததாக இருக்கக் கூடாது. வர்த்தகச் சலுகையிலும் சரக்கு எந்த நாட்டில் உருவானது என்று சான்று கேட்பார்கள்.

பலர் நினைப்பதுபோல் அந்த இறக்குமதி வரியை நம் ஏற்றுமதியாளர் கட்டுவதில்லை. அங்கே இறக்குமதி செய்பவர்தான் கட்டுகிறார். அதைக் கணக்கில் வைத்து இங்கே விலையைக் குறைத்துக் கேட்கிறார்.