காய்ச்சல் தணிந்த பிறகும் சினை ஆடுகள் குட்டி வீசுவது ஏன்?

கேள்வி: புதிதாக வாங்கிய ஆடுகளைப் பட்டியில் சேர்த்த ஒரு வாரத்தில் பல வெள்ளாடுகளுக்குக் கடும் காய்ச்சல், மூக்குச்சளி, வாய்ப்புண், கழிச்சல். சிகிச்சையில் தேறிவிட்டன. ஆனால் காய்ச்சலின்போதே இரண்டு சினை ஆடுகள் குட்டி வீசின (கருச்சிதைவு). குட்டிகளிடம் எந்தக் குறையும் தெரியவில்லை. நன்றாக மேயத் தொடங்கிய இன்னொரு ஆடு இரண்டு வாரம் கழித்து அழுகிய குட்டியைப் போட்டது. வைரஸ் குட்டிகளைத் தாக்கியதா? மற்ற சினை ஆடுகளைக் காப்பாற்ற முடியுமா?

பதில்: அறிகுறிகளைப் பார்த்தால் பி.பி.ஆர். எனப்படும் ஆட்டுக்கொல்லி நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். பரிசோதனைதான் உறுதி செய்யும். ஆனால் குட்டி வீச, வைரஸ் குட்டி வரை போய்ச் சேர வேண்டியதே இல்லை.

வெள்ளாட்டின் சினைக்காலம் சுமார் 150 நாள். அத்தனை நாளும் சினையைத் தாங்கி நிற்பது, சூலகத்தில் உள்ள கார்பஸ் லூட்டியம் என்ற சிறு திசு சுரக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன்தான். செம்மறியில் இரண்டு மாதம் ஆனதும் அந்தப் பொறுப்பை நஞ்சுக்கொடி ஏற்றுக்கொள்ளும். வெள்ளாட்டுக்கு அந்த மாற்று ஏற்பாடு கிடையாது. கடும் தொற்றில் தாயின் உடலில் அழற்சி மூண்டு, அப்போது உடலில் சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் பெருகினால் கார்பஸ் லூட்டியம் கரையும், புரோஜெஸ்டிரோன் விழும், கருப்பை சுருங்கத் தொடங்கும். முதல் இரண்டு ஆடுகளுக்கு இப்படித்தான் நடந்திருக்கும். குட்டிகள் குறையின்றி இருந்ததும் அதனோடு பொருந்துகிறது.

மூன்றாவது ஆட்டின் கதை வேறு. அழுகிய குட்டி என்றால் அது வயிற்றிலேயே இறந்து பல நாள் ஆகியிருக்கும். நஞ்சுக்கொடியில் அழற்சி வந்து குட்டிக்கு ரத்த ஓட்டம் குறைந்திருக்கலாம், அல்லது கிருமியே குட்டி வரை போயிருக்கலாம். தாய் தேறி மேய்ந்ததால் உள்ளே நடந்தது வெளியே தெரியவில்லை.

மற்ற சினை ஆடுகளைக் காலையும் மாலையும் ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பாருங்கள். 104 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் அன்றே மருத்துவரை அழையுங்கள். அழற்சியைத் தணிக்கும் மருந்தை அவர் தேர்ந்தெடுக்கட்டும். நீங்களாக டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசியைப் போடவே கூடாது. காய்ச்சல் சட்டென்று இறங்குகிறது என்று பலர் அதைத்தான் போடுகிறார்கள், ஆனால் சினை முதிர்ந்த ஆட்டில் அந்த ஊசியே பிரசவத்தைத் தூண்டிவிடும். வைரஸ் மேல் பழி போட்ட சில கருச்சிதைவுகள் உண்மையில் இந்த ஊசியால் வந்தவையாக இருக்கலாம்.

இனி ஏதாவது ஆடு குட்டி வீசினால் குட்டியையும் நஞ்சுக்கொடியையும் புதைத்துவிட அவசரப்படாதீர்கள். உறையவிடாமல், ஐஸ் கட்டி சூழ வைத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். தாயின் ரத்தம் இப்போதும் இரண்டு மூன்று வாரம் கழித்தும் எடுத்தால், இரண்டு மாதிரிகளிலும் கிருமியை எதிர்த்து உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளின் அளவை ஒப்பிட்டுக் காரணத்தைக் கண்டுபிடிக்கலாம். புரூசெல்லா, கிளமிடியா போன்ற பாக்டீரியாக்களும் இதேபோல் குட்டி வீச வைக்கும், அவை மனிதருக்கும் தொற்றும். எனவே கையுறை இல்லாமல் தொடாதீர்கள். கர்ப்பிணிப் பெண்கள் கொட்டகைப் பக்கமே போக வேண்டாம். பாலைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். தொங்கும் நஞ்சுக்கொடியைக் கையால் இழுக்காதீர்கள்.

நோயிலிருந்து மீண்ட ஆடுகளுக்கு ஆட்டுக்கொல்லி எதிர்ப்பு நீண்டகாலம் இருக்கும். காய்ச்சல் இருக்கும் ஆட்டுக்குத் தடுப்பூசி போடக் கூடாது. மற்ற ஆடுகளுக்குப் போடும்போது ஆட்டுக்கு ஒரு ஊசி என்று மாற்றுங்கள். எது சினை, எத்தனை மாதம் என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், ஏனென்றால் எல்லா உயிர்த் தடுப்பூசியும் (வீரியம் குறைத்த உயிருள்ள கிருமி கொண்டது) சினைக்கு ஏற்றதல்ல. நீலநாக்கு நோய்க்கான உயிர்த் தடுப்பூசியைச் சினையின் முதல் பாதியில் போட்டு, மூளை வளராத குட்டிகள் பிறந்ததுண்டு.

குட்டி வீசிய ஆடுகளின் திரவக் கசிவு முற்றிலும் நின்று உடல் தேறும் வரை, இரண்டு மாதமாவது, கிடாவோடு விடாதீர்கள். புரூசெல்லா ரத்தப் பரிசோதனை முடிவும் கைக்கு வரட்டும், கிடாவுக்கும் சேர்த்துத்தான். புதிய ஆடுகளை இனி மூன்று வாரம் தனியாகக் கட்டி வைத்த பிறகே மந்தையில் சேருங்கள்.

சினை தங்கிய ஆடுகள் ஈனும் குட்டிகள் எடை குறைந்து, தெம்பில்லாமல் பிறக்கலாம். ஆட்டின் நஞ்சுக்கொடி வழியாகத் தாயின் எதிர்ப்பொருள் குட்டிக்குப் போகாது, சீம்பால் வழியாகத்தான் போகும். பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள் முதல் சீம்பால் வயிற்றில் இறங்க வேண்டும். முதல் நாளில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 2 கிலோ குட்டிக்கு 200 மில்லி. எழுந்து குடிக்க முடியாத குட்டிக்குக் கறந்து புட்டியில் கொடுங்கள்.