வேதியியல் முதுநிலைப் படிப்புக்காக வீட்டை அடமானம் வைக்கலாமா?

கேள்வி: நாங்கள் மதுரையில் வசிக்கிறோம். கணவர் தனியார் நிறுவனமொன்றில் கணக்கராக இருக்கிறார். கைக்கு வரும் மாதச் சம்பளம் 34,000 ரூபாய். மகள் இங்குள்ள அரசு உதவி பெறும் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் இறுதிப் பருவத்தில் படிக்கிறாள். இதுவரை 84 விழுக்காடு மதிப்பெண் பெற்றிருக்கிறாள். மகன் பத்தாம் வகுப்பு. மகளுக்கு ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்பதே ஆசை. இரண்டு மாதப் பயிற்சியோடு இவ்வாண்டு, ஐஐடி போன்ற நிறுவனங்களில் எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஜாம் தேர்வு எழுதினாள். இடம் கிடைக்கும் அளவுக்குத் தரவரிசை வரவில்லை. இங்கிலாந்தில் ஓராண்டு எம்.எஸ்சி. படிக்க மொத்தம் 28 லட்சம் ஆகும் என்றும், வீட்டுப் பத்திரத்தை வைத்தால் 11 விழுக்காடு வட்டியில் கடன் வாங்கித் தருவதாகவும் ஒரு வெளிநாட்டுக் கல்வி முகவர் சொல்கிறார். எங்களிடம் 4 லட்சம் ரூபாய் வைப்புத்தொகையும் 12 பவுன் நகையும் இருக்கின்றன. வீட்டின் மீது கடன் இல்லை. ஆராய்ச்சிப் படிப்பு முடிய முப்பது வயது நெருங்கிவிடுமே, அதுவரை பணத்துக்கு என்ன செய்வாள் என்று உறவினர்கள் கேட்கிறார்கள். எங்களுக்கு வழி சொல்லுங்கள்.

பதில்: அம்மா, வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும். இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் காரணங்களுக்கு வர விரும்புகிறேன். ஏனென்றால் முகவர் குறிப்பிட்ட சேர்க்கைத் தேதி நெருங்க நெருங்க, கணக்குப் போட்டுப் பார்க்கும் நிதானம் எந்தக் குடும்பத்திலும் குறைந்துவிடுகிறது.

28 லட்சம் ரூபாயை 11 விழுக்காடு வட்டிக்கு வாங்கினால், படிக்கும் ஓராண்டும் அதன்பின் தரப்படும் ஓராண்டு அவகாசமும் சேர்ந்த இரண்டு ஆண்டுகளில், தனிவட்டியாகக் கணக்கிட்டாலே, ஏறத்தாழ 6 லட்சத்து 16 ஆயிரம் ரூபாய் வட்டி சேர்ந்துவிடும். அதன்பின் பத்தாண்டுகளில் அடைப்பதென்றால் மாதத் தவணை சுமார் 47,000 ரூபாய் வரும். மொத்தமாகக் கட்டப்போவது 56 லட்சத்துக்கும் மேல். தவணை உங்கள் கணவரின் முழுச் சம்பளத்தையும் தாண்டுகிறது என்பதால், மகளுக்கு அங்கேயே உடனடியாக நல்ல வேலை கிடைத்தால் மட்டுமே இந்தக் கடனை அடைக்க முடியும். இங்கிலாந்தில் படிப்பு முடித்தபின் தங்கி வேலை தேட அளிக்கப்படும் காலமும் குறுகி வருகிறது. வேலை அமையாமல் திரும்பினால் வங்கி பார்க்கப்போவது உங்கள் வீட்டைத்தான். முகவர்கள் பெரும்பாலும் மாணவரைச் சேர்த்துவிடுவதற்காகப் பல்கலைக்கழகத்திடம் தரகு பெறுகிறவர்கள் என்பதையும் நீங்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது. அதற்காக அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. கட்டணம் வாங்காத படிப்புகளைப் பற்றி உங்களிடம் பேச அவருக்குக் காரணம் இல்லை, அவ்வளவுதான்.

வேதியியல் போன்ற அடிப்படை அறிவியலில் ஆராய்ச்சியை நோக்கிப் போகிறவர் படிப்பை விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை; தேர்வில் தேறியவருக்கு நிறுவனமே பணம் கொடுத்துப் படிக்க வைக்கிறது. ஆய்வுக்கும் கல்லூரி ஆசிரியர் பணிக்கும் தகுதி பார்க்கும் சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் தேர்வில் ஜேஆர்எஃப் எனப்படும் இளநிலை ஆய்வு நல்கைக்குத் தகுதி பெற்றவருக்கு, 2023 ஜனவரி முதல் நடப்பில் உள்ள விகிதப்படி, முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாயும் அதற்கடுத்த மூன்று ஆண்டுகள் முதுநிலை நல்கையாக மாதம் 42,000 ரூபாயும் கிடைக்கின்றன. ஐந்து ஆண்டுகளைக் கூட்டினால் சரியாக 24 லட்சம் ரூபாய். விடுதியில் தங்காதவருக்கு ஊரைப் பொறுத்து வீட்டு வாடகைப் படியும் இதனுடன் சேரும். ஒருபுறம் 28 லட்சம் கடன், மறுபுறம் 24 லட்சம் வருமானம். இரண்டுக்கும் நடுவே நிற்பது ஒன்றிரண்டு தேர்வுகளும் அவற்றுக்குப் படிக்கத் தேவையான காலமும்தான். ஆகவே உங்கள் குடும்பம் பணம் போட வேண்டியது அந்தக் காலத்தின் மீது என்பதே என் உறுதியான கருத்து.

மகள் இரண்டே மாதம் படித்து ஜாம் எழுதியிருக்கிறாள். அது தோல்வி என்று அவள் எண்ணிவிடக் கூடாது. அடுத்த பிப்ரவரிக்கான ஒத்திகையாகவே அதைக் கருத வேண்டும். ஐஐடிகளின் இரண்டாண்டு எம்.எஸ்சி. இடங்கள் அந்தத் தேர்வின் வழியே நிரப்பப்படுகின்றன. திருச்சி உள்ளிட்ட பல என்ஐடிகளும் அதே மதிப்பெண்ணைக் கொண்டு பொதுக் கலந்தாய்வில் மாணவரைச் சேர்க்கின்றன. பெங்களூருவில் உள்ள இந்திய அறிவியல் நிறுவனத்தின் ஒருங்கிணைந்த முனைவர் பட்டப் படிப்புக்கும் ஜாம்தான் வாசல். பி.எஸ்சி. முடித்தவுடன் சேர்ந்து, முதுநிலையும் முனைவர் பட்டமும் ஒரே தொடரில் பெறும் படிப்பு அது, எம்.எஸ்சி. பாடங்கள் படிக்கும் தொடக்க ஆண்டுகளிலேயே உதவித்தொகை வந்துவிடும். ஐசர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனங்களிலும் பெங்களூரு ஜக்கூரில் உள்ள ஜவஹர்லால் நேரு உயர் ஆராய்ச்சி மையத்திலும் இத்தகைய ஒருங்கிணைந்த படிப்புகள் உண்டு. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் மும்பை, ஐதராபாத் வளாகங்களுக்கெனத் தனித் தேர்வை டிசம்பரில் நடத்துகிறது. இவற்றில் இடங்கள் மிகக் குறைவு. ஆயினும் விண்ணப்பக் கட்டணம் தவிர இழக்க எதுவும் இல்லாத முயற்சிகள் இவை.

இதற்காக ஓராண்டு வீட்டில் சும்மா இருந்து படிக்க வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டாம். இப்போது படிக்கும் கல்லூரியிலோ மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் வேதியியல் புலத்திலோ எம்.எஸ்சி.யில் சேர்ந்துவிடட்டும். வீட்டிலிருந்தே போய்வருவதால் விடுதிச் செலவு இல்லை. கட்டணம், புத்தகம், பேருந்து எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 40,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் உங்கள் வைப்புத்தொகைக்குள் அடங்கிவிடும். முதலாண்டில் படித்துக்கொண்டே ஜாமும், மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான முதுநிலைப் பொது நுழைவுத் தேர்வும் எழுதலாம். பின்னதன் வழியே ஐதராபாத் பல்கலைக்கழகம், புதுச்சேரி பல்கலைக்கழகம், திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் சேர முடியும். நல்ல இடம் கிடைத்தால் ஓராண்டை விட்டுவிட்டு மாறிக்கொள்ளலாம். அந்த ஓராண்டின் விலையை நான் சிறிதாகச் சொல்லவில்லை. ஆனால் கருவிகளும் ஆய்வுச் சூழலும் நிறைந்த வளாகத்தில் இரண்டு ஆண்டுகள் படிப்பது, பின்னால் வரும் ஐந்து ஆண்டு ஆய்வுக்கும் அதற்குப் பிந்தைய வேலைக்கும் துணைநிற்பதைப் பல குடும்பங்களில் பார்த்திருக்கிறேன்.

இடம் கிடைக்காவிட்டாலும் பாதை அடைபடவில்லை. மதுரையிலேயே எம்.எஸ்சி.யைத் தொடர்ந்து, இறுதியாண்டில் நெட் தேர்வையும், பொறியியல், அறிவியல் மாணவர்களுக்கான கேட் தேர்வின் வேதியியல் தாளையும் எழுதினால் போதும். கேட் மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லும். ஐஐடிகளில் முனைவர் பட்ட ஆய்வுக்கு அதைக் கொண்டு விண்ணப்பிக்கலாம். இறுதிப் பருவத்து ஆய்வுத் திட்டத்துக்குக் காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தை அணுகச் சொல்லுங்கள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து 1948இல் அடிக்கல் நாட்டப்பட்ட அந்த நிலையம், மின்கலம், அரிமானத் தடுப்பு போன்றவற்றில் நாட்டின் முதன்மையான ஆய்வுக்கூடங்களில் ஒன்று. மதுரையிலிருந்து காலையில் புறப்பட்டுப் போய் ஒரு பேராசிரியரைச் சந்தித்துவிட்டு மாலையில் திரும்பிவிடலாம். நம் பிள்ளைகள் பலர் இலண்டனைப் பற்றித் தெரிந்த அளவுக்குக் காரைக்குடியைப் பற்றித் தெரியாமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

சென்னையில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் சேர்க்கலாமா என்ற எண்ணமும் உங்களுக்கு வரக்கூடும். கட்டணமும் விடுதியுமாகப் பல லட்சம் கொடுத்துப் பெறும் எம்.எஸ்சி.யும், அரசு உதவி பெறும் கல்லூரியில் பெறும் எம்.எஸ்சி.யும் நெட் தேர்வுக்கூடத்தில் ஒன்றே.

ஐஐடியிலோ மத்தியப் பல்கலைக்கழகத்திலோ இடம் கிடைத்து, உணவு, தங்குமிடம் உட்பட இரண்டு ஆண்டுகளுக்கு 3 லட்சம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது கல்விக்கடன் வாங்குவதில் தவறில்லை. 4 லட்சம் ரூபாய் வரையிலான கல்விக்கடனுக்கு வங்கிகள் பொதுவாகச் சொத்துப் பிணையம் கேட்பதில்லை. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலில் உள்ள கல்வி நிறுவனங்களில் சேர்பவருக்குப் பிணையமும் ஜாமீனும் இல்லாமல் கடன் உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால், 10 லட்சம் வரையிலான கடனுக்கு அவகாசக் காலத்தில் 3 விழுக்காடு வட்டி மானியம் பெற வழியும் இருக்கிறது. மானியத்தைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தாலும், 9 விழுக்காடு வட்டியில் 3 லட்சம் கடன், படிப்பும் அவகாசமும் சேர்ந்த மூன்றாண்டு முடிவில் சுமார் 3 லட்சத்து 80 ஆயிரமாகும். ஏழாண்டுகளில் அடைக்க மாதம் 6,100 ரூபாய் போதும். 37,000 ரூபாய் நல்கை பெறும் பெண்ணால் இதைத் தன் கையாலேயே கட்ட முடியும். முடிந்தால் படிக்கும் காலத்திலேயே மாதா மாதம் வட்டியை மட்டும் நீங்கள் கட்டி வாருங்கள். அசல் வளராமல் நிற்கும்.

வைப்புத்தொகை 4 லட்சத்தில் 2 லட்சத்தைக் குடும்பத்தின் ஆறு மாதச் செலவுக்கென ஒதுக்கி, படிப்பு உட்பட எதற்காகவும் அதைத் தொடாதீர்கள். நகையும் இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும். மூன்றாண்டுகளில் மகனும் கல்லூரி வாசலில் நிற்பான். அக்காவின் படிப்புக்காக வீடு அடமானத்தில் இருந்தால் அவனுக்குக் கடன் கேட்கும்போது கைவசம் எதுவும் இருக்காது.

இனி உறவினர்களின் கேள்விக்கு வருகிறேன். அதில் நியாயம் இருக்கிறது. யுஜிசியின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்று ஆண்டுகள், அதிகபட்சம் ஆறு ஆண்டுகள். வேதியியலில், குறிப்பாகத் தொகுப்பு வேதியியலில், ஐந்து ஆண்டுகள் ஆவது இயல்பு. எனவே 28 வயது வரை நல்கையே அவளுடைய வருமானம். நல்கையில் வருங்கால வைப்புநிதி கிடையாது; ஓய்வூதியப் பிடித்தமும் இல்லை; கல்விக்கான உதவித்தொகை என்பதால் வருமான வரியும் இல்லை. ஆகவே முதல் மாதத்திலிருந்தே அவளாகவே சேமிக்கத் தொடங்க வேண்டும். விடுதியில் தங்கினால் மாதம் 10,000 ரூபாய் எடுத்து வைப்பது கடினமன்று. முதல் ஆண்டில் அந்தப் பணம் சேமிப்புக் கணக்கிலோ தொடர் வைப்பிலோ மட்டுமே இருக்கட்டும். நல்கை மாதம் பிறந்தால் வந்து விழும் சம்பளத்தைப் போன்றதன்று. என்னிடம் ஆலோசனைக்கு வரும் ஒரு குடும்பத்தின் மகனுக்கு, ஆய்வில் சேர்ந்த முதலாண்டில் ஏழு மாதம் நல்கை வராமல் நின்று, பிறகு மொத்தமாக வந்தது. அந்த ஏழு மாதமும் அவன் கடன் அட்டையில் சாப்பிட்டு, 40 விழுக்காட்டுக்கு மேல் வட்டி கட்டினான். ஆறு மாதச் செலவு கையில் சேர்ந்தபின், பிபிஎஃப் எனப்படும் பொது வருங்கால வைப்புநிதிக் கணக்கில் ஒரு பகுதியும் மருத்துவக் காப்பீட்டுக்கு ஒரு பகுதியும் போகலாம்.

ஆய்வு நெறியாளரைத் தேர்வு செய்வதும் ஒரு நிதி முடிவுதான் என்பதைப் பலர் உணர்வதில்லை. ஜேஆர்எஃப் கிடைக்காமல் பேராசிரியரின் ஆய்வுத் திட்டத்தில் சேர்ந்தால், அந்தத் திட்டத்தின் நிதி பெரும்பாலும் மூன்றாண்டுகளில் முடிந்துவிடும். பட்டமோ அதற்குள் முடியாது. அந்த ஆய்வுக்குழுவிலிருந்து இதற்குமுன் வெளியேறிய மாணவர்கள் எத்தனை ஆண்டுகளில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள், திட்டப்பணம் தீர்ந்தபின் எப்படிச் சமாளித்தார்கள் என்று, சேரும் முன் அங்குள்ள மூத்த மாணவர்களிடம் அவள் நேரில் கேட்க வேண்டும். நல்கையே இல்லாமல் கட்டணம் கட்டி முழுநேர முனைவர் பட்டம் செய்வதை உங்கள் குடும்ப நிலையில் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வெளிநாட்டு ஆசை அவளுக்கு உண்மையாகவே இருந்தால் அதற்குரிய நேரம் எம்.எஸ்சி. முடித்த பிறகு வரும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் வேதியியல் முனைவர் பட்டத்துக்குச் சேர்பவருக்குப் பொதுவாகக் கட்டண விலக்கும், வகுப்பு நடத்துவதற்கோ ஆய்வுக்கோ மாத ஊதியமும் உண்டு. ஜெர்மனியில் ஆய்வு மாணவர் பெரும்பாலும் பாதி அல்லது மூன்றில் இரண்டு பங்குப் பணியிடத்தில் ஊழியராகவே சேர்க்கப்படுகிறார். அங்கே போக விமானக் கட்டணமும் முதல் இரண்டு மாதச் செலவும் இருந்தால் போதும். 

பட்டத்துக்குப் பின் கல்லூரி உதவிப் பேராசிரியர் பணியில் ஏழாவது ஊதியக் குழுவின்படி தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய் என்றாலும், நிரந்தரப் பணியிடங்களுக்குப் போட்டி கடுமை. இடையில் சில ஆண்டுகள் முதுமுனைவர் ஆய்விலோ ஐதராபாத் மருந்து நிறுவனங்களின் ஆய்வுக்கூடங்களிலோ கழியக்கூடும். ஆராய்ச்சி தனக்கு ஒத்துவரவில்லை என்று எம்.எஸ்சி. முடிவில் அவள் உணர்ந்தால், பி.எட். சேர்த்து மேல்நிலைப் பள்ளி ஆசிரியராகவோ, தரக் கட்டுப்பாட்டுக் கூடங்களிலோ வேலை தேடலாம். கடன் இல்லாத பெண்ணால் அந்த முடிவை எந்த நேரத்திலும் எடுக்க முடியும். மாதம் 47,000 ரூபாய் தவணை உள்ளவளால் முடியாது.

ஜாம் விண்ணப்பம் வழக்கமாகச் செப்டம்பரில் திறக்கும். அதற்குள் இ-சேவை மையத்தில் வருமானச் சான்றிதழையும், உங்கள் பிரிவுக்கு உரியதென்றால் மத்திய அரசு வடிவத்திலான சாதிச் சான்றிதழையும் வாங்கி வைத்துவிடுங்கள். மாநில வடிவச் சான்றிதழை இணைத்து, கடைசி நேரத்தில் இட ஒதுக்கீட்டையும் கட்டணச் சலுகையையும் இழந்த மாணவர்களை ஒவ்வோராண்டும் பார்க்கிறேன்.